அறுபத்திரண்டு மீட்டர்

வரைபடத்தில் பார்த்தபோது யாருக்கும் உறைக்கவில்லை.
பத்தொன்பது மாடி என்று போட்டிருக்கிறது,
போட்டுக்கொள்ளட்டும் என்பது போலத்தான்
நோட்டீஸைச் சுற்றி நின்றோம்.
குரியாகோஸ்தான் சொன்னார்:
பலூன் விட்டுப் பார்ப்போம்.

ஞாயிறு, காலை ஆறே கால்.
காற்று கிளம்புவதற்குள் முடித்தாக வேண்டும்.
லிங்கராஜபுரம் மூன்றாவது கிராஸில்
பழைய பல்பு கம்பெனியை மறைத்த தகரவேலிக்கு இந்தப் பக்கம்
ஆள் உயரத்தில் ஒரு சிவப்பு பலூன்.
கல்யாண மண்டபத்தில் இரவல் வாங்கிய சிலிண்டர்.
மீட்டருக்கு ஒன்றாக மிஸஸ் டிக்ரூஸ்
ராத்திரி முழுக்க உட்கார்ந்து முடிச்சுப் போட்ட
நைலான் நூல்.

நூலை விடும் வேலை எனக்கு.
பெரிய காரணம் ஒன்றுமில்லை,
என்னிடம் கையுறை இருந்தது.

ஒன்பதாவது முடிச்சில் எங்கள் மொட்டைமாடிகள் தீர்ந்தன.
பதினான்கில் புட்டசுவாமி வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.
பதினெட்டில் தூங்குமூஞ்சி மரம்,
அதன் உச்சியில் இத்தனை காக்கைக்கூடு இருப்பது
அன்றைக்குத்தான் தெரியும்.
இருபத்தாறில் சர்ச் சிலுவை.
அதற்கப்புறம் ஒப்பிட ஏதுமில்லை,
வெறும் எண்.
சத்தம் போட்டு எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகள்
நாற்பதில் குரல் தாழ்த்தினார்கள்.
ஐம்பதில் யாரோ பிடரியைத் தடவிக்கொண்டார்.

அறுபத்திரண்டு.

நெற்றி இல்லாத பொட்டு மாதிரி
அங்கே நின்றது.

ஒருவரும் கைதட்டவில்லை.
நவாஸ் பாஷா மட்டும்
தன் மாடியில் காயும் சட்டைகளைப் பார்த்தார்,
மேலே பார்த்தார்,
திரும்பவும் சட்டைகளைப் பார்த்தார்.
"டிசம்பர்ல காயாது."

வேலிக்கு அந்தப் பக்கம்
ராய்ச்சூரிலிருந்து வந்திருக்கும் வாட்ச்மேனின் மனைவி
பல்துலக்கியபடி அண்ணாந்து நின்றாள்.
அவ்வளவு உயரமும் கட்டி முடிய
நான்கு வருஷம் ஆகும், நான்கு வருஷச் சோறு.
அது அவள் முகத்தில் தெரிந்தது.
நூலைப் பிடித்துக்கொண்டு
வேறு பக்கம் பார்த்தேன்.
அவள் மகனுக்கு பலூன் வேண்டுமாம்.
இறக்கியதும் கொடுத்துவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை விசாரணை.
போட்டோக்கள், இருநூற்றுப் பதினோரு கையெழுத்து,
டேங்கர் தண்ணீருக்குக் கொடுத்த பில்கள்,
போன மழையில் மாருதி வேன் மிதந்த வீடியோ.
பில்டரின் வக்கீல் சாதுவான மனிதர்.
எதையும் மறுக்கவில்லை.
பச்சை ஃபைல் ஒன்றைத் திறந்து
எங்கள் பெயர்களைப் படிக்க ஆரம்பித்தார்.

குரியாகோஸ், கார் நிறுத்தும் இடத்தில் தையல்கடை.
டிக்ரூஸ், பின்பக்கம் காலியாக விட வேண்டிய இடத்தில் சமையலறை.
புட்டசுவாமி, அனுமதி இரண்டு மாடி, நிற்பது நான்கு.
தணிகாசலம், ரோட்டுப் பக்கம் பால்கனி,
அத்துமீறல் இரண்டே முக்கால் அடி.

தணிகாசலம் நான்தான்.
மங்களா பிள்ளையாண்டிருந்தபோது
உள்ளே மூச்சு முட்டுகிறதென்றாள்,
அதற்காக இழுத்துக் கட்டியது.
இப்போது அங்கே வாஷிங் மெஷின் நிற்கிறது.
அளந்தவன் ஒழுங்காகத்தான் அளந்திருக்கிறான்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு
என்ன சொல்கிறீர்கள் என்றார்.
இரண்டே முக்கால் அடி, சரி சார், என்றேன்,
இடிக்கச் சொன்னால் இடிக்கிறேன்.
ஆனால் அந்த அறுபத்திரண்டும்
இந்தக் கை வழியாகத்தான் போனது.
அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.
அவர் எழுதினாரா என்று
எங்கள் வரிசையிலிருந்து தெரியவில்லை.
உத்தரவு தள்ளிவைக்கப்பட்டது.

பஸ்ஸில் யாரும் யாரோடும் பேசவில்லை.
மிஸஸ் டிக்ரூஸ் மட்டும் ஒருமுறை,
"சமையலறை இல்லாமல் எங்கே சமைப்பதாம்" என்றார்,
ஜன்னலிடம்.

தகரவேலி ஓரம் அந்தப் பையன் நின்றிருந்தான்.
காற்று பாதி இறங்கிய பலூன்
அவன் தலைக்கு ஒரு சாண் மேலே தள்ளாடியது.
வேலி இடுக்கு வழியாக நூலை என்னிடம் நீட்டி,
மேலே காட்டி,
"பிடி" என்றான்.

கன்னடத்தில் அதற்கு விடு என்று அர்த்தம்.
முப்பத்தெட்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன்,
தெரியாமல் இல்லை.
என் கை மட்டும்
தமிழில் கேட்டது.