நள்ளிரவுக் கட்டம்

ஒப்புக்கொள்கிறேன்,
புயல் வேண்டுமென்று கேட்டது நான்தான்.
செவ்வாயிலிருந்தே வரைபடத்தில் கண்ணை நட்டு
ரொட்டியில் வெண்ணெய்க்குப் பதில்
கடுகு விழுதைத் தடவித் தின்றேன்.
வடமேற்குக் காற்று.
சுப்பீரியர் ஏரி இன்னும் உறையவில்லை.
மேலே கொடுங்குளிர், கீழே தண்ணீரில் மிச்சச் சூடு.
ஒரு மனிதனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

ஹான்காக்கில் எல்லோருக்கும் பனி ஒரு வேலை.
பனிவாரி ஓட்டும் மச்சான் ரெய்னோவுக்கு
அது பாதி சம்பளம், பாதி இடுப்புவலி.
எதிர்வீட்டு லவெர்ன்
கூரையை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுவாள்.
எனக்குக் கொல்லையில் ஒரு வெள்ளைப் பலகை.
ஆறு மணிக்கொருமுறை அளவுகோலைச் செருகி
நோட்டுக் கட்டத்தில் எழுதி
பலகையைத் துடைத்துவிட்டு
மறுபடியும் பூஜ்யம்.
பத்தொன்பது குளிர்காலம், ஒரு கட்டமும் விட்டதில்லை.
கல்யாணத்தைக்கூட ஜூலையில்தான் வைத்துக்கொண்டேன்.

ஓட்டமும் அப்படித்தான்.
வெயிலில் யார்தான் ஓட மாட்டார்கள்?
ஷூவின் அடியில் திருகாணி பதித்து
இமைமயிர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள
விடியலுக்கு முன் ஓட வேண்டும்.
காலடியில் பனி பேசும்.
இளங்குளிரில் சதக் சதக்,
ஏறினால் மொறுமொறு,
இன்னும் ஏறினால் துருப்பிடித்த கதவு போலக் கிறீச்.
வெப்பமானி எனக்கு எதற்கு?

வெள்ளிக்கிழமை இஷ்பெமிங்கில் ஹாக்கி.
என் ஐலி கோல் காக்கிறாள்.
வானொலிக்காரர் ‘தடுத்தாள்’ என்று
முப்பத்தொரு முறை சொன்னார்.
நான்கு முறை சொல்லவில்லை.
நான்குக்கு ஒன்று.
ஒன்பதரைக்குப் பேருந்து கிளம்பியது.
பத்துக்கு என் புயல் வந்தது,
நான் கணித்த அதே கோட்டில்,
சாலையின் மேல் ஆணியடித்தாற்போல.

ராடாரில் அவ்வளவு அழகு.
முதல்முறையாக அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பேருந்து பரகா தாண்டியதா, யாருக்கும் தெரியவில்லை.
பயிற்சியாளரின் கைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது.
ரெய்னோவைக் கூப்பிட்டேன்.
‘என் வண்டியின் மூக்கே எனக்குத் தெரியலை.
இப்ப சந்தோஷமா உனக்கு?’

ஷூவை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினேன்.
பெரிய திட்டம் ஏதுமில்லை.
ஜன்னலோரம் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.
தெருவிளக்கு ஒன்று, அடுத்தது எங்கோ,
நடுவில் வெறும் வெள்ளை.
காலடிச் சத்தத்தைக்கூடக் காற்று தின்றுவிட்டது.
தூக்குப்பாலத்தில் பனி
கீழிருந்து மேலே பெய்துகொண்டிருந்தது.
கம்பியைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசினேன்:
இத்தோடு நிறுத்திக்கொள்,
நீ மூன்று அங்குலம் பெய்தாலும்
நோட்டில் ஆறு என்று எழுதிவிடுகிறேன்.
வாழ்நாளில் நான் சொல்லத் துணிந்த
மிகப்பெரிய பொய் அதுதான்.

பன்னிரண்டே முக்காலுக்கு
ஒரு பனிவாரியின் மஞ்சள் விளக்கு,
அதன் வாலைப் பிடித்தபடி பேருந்து.
ஓட்டுநர் பிரேக் போட்டதற்குக் காரணம்
புருவம்வரை வெளுத்து
பாலத்தின் நடுவே நின்ற ஏதோ ஒன்று.

கதவு திறந்தது.
ஈரக் கையுறை வாடை, ஆரஞ்சுத் தோல் வாடை.
பாதிப் பெண்கள் வாய் திறந்து தூங்குகிறார்கள்.
ஐலி காலுறைப் பட்டையைக்கூடக் கழற்றவில்லை.
தோற்ற ஆட்டத்தைப் பற்றிக் கேட்பேன் என்று
பயந்திருப்பாளோ என்னவோ,
முந்திக்கொண்டாள்:
‘அப்பா, எத்தனை அங்குலம்?’

தெரியாது என்றேன்.
தூங்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி கண் திறந்து
என்னைப் பார்த்தாள்.

காலை ஆறு மணிக்குப் பலகையில் பதினேழு.
பன்னிரண்டு மணி நேரக் குவியல்,
விதிப்படி அதைப் பிரித்து எழுத முடியாது.
நள்ளிரவுக் கட்டம் காலியாகவே இருக்கிறது.
அதில் பென்சிலை வைத்தேன், எடுத்தேன்.

ஞாயிறு இரவு இன்னொன்று வருகிறதாம்,
இதைவிடப் பெரியது.
வரைபடத்தை மூடிவைத்தேன்.
காபி ஆறுவதற்குள்
திறந்தும் பார்த்தேன்.