காரணம் கூறுக

காலை எட்டு இருபத்தைந்து.
பிரதேச செயலக வாசலில் அந்தச் சின்னப் பெட்டி
என் இடக்கைச் சுட்டுவிரலை
மூன்றாம் தரமும் திருப்பி அனுப்புகிறது.
சிவப்பு வெளிச்சம்.
பின்னால் வரிசை: காணிக் கிளைத் தர்மினி,
ஹெல்மெட் கழற்றாத சமுர்த்தி உத்தியோகத்தர்.
"துடைச்சுப் போட்டு வையுங்கோ அக்கா."
துடைத்தேன், சேலைத் தலைப்பில்.
விரலில் அழுக்கில்லை. வேறு கதை.

பெட்டி என்னைப் பதிந்த அன்று
வலக்கைப் பெருவிரலில் பிளாஸ்டர்,
முதல்நாள் நண்டு உடைத்த காயம்.
சரி, இடக்கையைத் தாங்கோ என்றார்கள்.
அந்த விரலை நான்
பெரிதாய் ஒன்றுக்கும் பாவித்ததில்லை,
நாற்பத்து நான்கு வயதுவரை.

பிறகு சம்பள நிலுவை வந்தது.
கூரைக்கு ஓடு மாற்ற வைத்த காசு.
கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைகளைத் தாண்டிப் போய்
கிற்றார் ஒன்றோடு திரும்பினேன்.
வீட்டில் சொன்ன விலை வேறு.
இவர் நம்பவில்லை, கேட்கவுமில்லை.
நடுவிலிருந்த ஓட்டையைப் பார்த்து
"ஒழுக்குத் தண்ணியை இதுக்குள்ள பிடிக்கலாம்" என்றார்.

சனிக்கிழமை காலை,
போட்டோக்கொப்பிக் கடைக்கு மேல்மாடி.
படிப்பிக்கிற யூட் சாம்சனுக்கு இருபது வயது,
மற்ற நாட்களில் குருநகரில் ஐஸ் கட்டி ஏற்றுகிற கை.
ஏழு பிள்ளைகள், நான்.
பிள்ளைகளுக்கு அளவான கதிரைகள்.
முழங்கால் கிற்றாரில் இடிக்க
ஏ மைனர் பிடித்தேன். சி பிடித்தேன்.
பிறகு எஃப்.
ஒரு விரலை முழுதாய்ப் படுக்கவைத்து
ஆறு தந்தியையும் ஒன்றாய் அமத்தவேணும்.
ஆறில் நாலு பேசும்.
மற்ற இரண்டும், கலியாண வீட்டில்
கோபித்துக்கொண்ட சொந்தம்போல,
டொக்.

முன்பல் இல்லாத எட்டு வயது அபிசா
இரண்டாம் கிழமையே பிடித்துவிட்டாள்.
"அன்ரி, கோவமா அமத்தாதேங்கோ" என்றாள்.

இரவில் குசினிக் கதவைச் சாத்தி,
கிற்றார் வயிற்றுக்குள் துவாய் அடைந்து
(பக்கத்து வீட்டில் ஏ.எல் படிக்கிற பெடியன்)
சி யிலிருந்து எஃப், எஃப்பிலிருந்து சி.
பருப்பு மூன்று விசில் அடிப்பதற்குள்
பதினொரு தரம் மாறலாம்.
முதலில் கொப்புளம். பிறகு தோல் உரிந்தது.
வெங்காயம் வெட்ட எரிந்தது.
பிறகு அந்த இடம்
பிளேன்ரீக் கோப்பையின் சூட்டைக்கூட அறியவில்லை.
எவ்வளவோ மரத்துப்போயிருக்கிறது எனக்குள்.
இதை மட்டும் நானாய்ச் சம்பாதித்தேன்.

மூன்று நாள் வரவு பதியவில்லை.
கடிதம் வந்தது: காரணம் கூறுக.
பதினெட்டு வருடமாய்
மற்றவர்களின் காரணங்களைக் கோவையில் இட்டவள்
வெள்ளைத்தாள் எடுத்தேன்.
'மேற்படி விடயம் தொடர்பாக,
கடந்த ஏழு மாதங்களாக நான்
கிற்றார் பழகி வருகின்றேன் என்பதைத்
தயவுடன் அறியத்தருகின்றேன்.'

நிர்வாக உத்தியோகத்தர் கனகேந்திரம்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"பாட்டுகள் வாசிப்பியளோ?"
"இல்லை சேர். நாலு கோட்."
"ஆருக்கு?"
விளங்கவில்லை எனக்கு.
"ஆருக்கு வாசிக்கிறது எண்டு கேட்டன்."
மின்விசிறி கோவைகளைப் புரட்டிக்கொண்டிருந்தது.
"குக்கருக்கு."
ஒப்பமிட்டார்.
வலக்கைப் பெருவிரலைப் பதிந்தார்கள். பச்சை வெளிச்சம்.

இன்று பின்னேரம் மழை.
மாற்றாத ஓட்டால் குசினிக்குள் ஒழுக்கு.
வாளி வைத்தேன், சுற்றித் தெறித்தது.
துடைக்கத் துவாய் வேண்டியிருந்தது.
கரண்டும் போய்விட்டது.
இருட்டில், வயிறு திறந்த கிற்றாரோடு
எஃப்.

ஐந்து பேசின.
இரண்டாம் தந்தி இன்னும் டொக்.
விரலை எடுக்கவில்லை.
வாளிக்குள் சொட்டு விழுகிற சத்தத்துக்குள்
அது கரைந்து போகும்வரை பிடித்திருந்தேன்.

மதிலுக்கு அங்காலே
பாடம் நெட்டுருப் போட்ட குரல் நின்றது.
"அன்ரி, அது என்ன?"

"எஃப்!" என்றேன், மழைக்கு மேலாய்,
அவ்வளவு சந்தோசமாய்.

பாவம், ஏ.எல் பெடியன்.
கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை.