அக்லி

"சரியான அக்லி இந்தப் படம்!"
கொள்ளுப்பிட்டி வங்கி வரிசையில்
என் பழைய அடையாள அட்டையைப் பிடித்தபடி
ருஸ்னா சிரித்தாள்.

நூறாம் இலக்க பஸ்ஸில்
போனில் அந்தச் சொல்லைத் தட்டிப் பார்த்தேன்.
வடகடலோடிகளின் பழம்பாஷையில்
அதன் வேர்
அஞ்சு என்பதுதான்.
அழகின்மை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

நம்முடைய அவலட்சணத்தைப் பிரித்தால்
கெட்ட அடையாளம்.

பம்பலப்பிட்டியில்
சாவடி இருந்த இடத்தில் ஜூஸ் கடை.
பஸ் நிற்கவில்லை.
என் கால்தான் இறங்கப் பார்த்தது.

தொண்ணூற்றாறில் எடுத்த படம்.
முதல்நாள் இரவு
பொலிஸில் பதிந்துவிட்டு வந்த முகம்.
"கொஞ்சம் சிரிங்கோ" என்றார் ஸ்டூடியோக்காரர்.
அதைப் பார்த்த சிப்பாய்களும்
பயந்திருப்பார்கள்.
எனக்கு வயது பத்தொன்பது.

ருஸ்னா,
நீ சொன்னது சரி.
வேரோடு சரி.