டாக்டர் வீட்டுப் பூ

பதிவேட்டில் ஓவர்சியர்
‘களை அகற்றுதல்’ என்று எழுதினார்.
எந்தக் களை என்று அதில் கட்டம் இல்லை.
வேர்கிளம்பிக்குக் கீழே
சானல் அடைத்திருந்த பத்து நாள்,
நாங்கள் பதினேழு பேர்.

கரையேது சானலேது தெரியாத மஞ்சள்.
ஒரு ரூபாய் வட்டத்தில் சின்னச் சூரியகாந்தி,
வாத்துக்கால் போல மூன்றாய்ப் பிளந்த இலை.
றெஜினாபாய்தான் பெயர் சொன்னாள்:
டாக்டர் வீட்டுப் பூ.
முன்பு மதில்மேல் சிமென்ட் தொட்டியில் நின்றதாம்.
நடுவதற்கு ஒரு கம்பு கேட்டுப் போனாளாம்.
நாய்தான் பதில் சொன்னதாம்.

“இப்ப அள்ளிக்கோ” என்றாள் நேசம்மை.

வெட்டோத்தி பட்ட ஒவ்வொரு கணுவும்
ஒரு செடி.
நறுக்கிக் கரையில் எறிந்ததையெல்லாம்
சாயங்கால மழை நட்டுவிட்டுப் போனது.
நான்காம் நாள் பார்த்தால்
எறிந்த கையின் வீச்சு அப்படியே
வளைந்து பச்சைப் பிடித்திருந்தது.
“அடுத்த வருசமும் வேலை உண்டு”
நேசம்மைதான் இதையும் சொன்னாள்.
போன மாதக் கூலியே இன்னும் வரவில்லை.

“வெளிநாட்டுச் செடியாக்கும்,
நம்ம மண்ணைக் கெடுத்துப்போடும்”
குடைக்குள்ளிருந்து ஓவர்சியர்.
நான் பேசவில்லை. வாயில் மரச்சீனி.
அது கப்பலில் வந்தது, எட்டாம் வகுப்பில் படித்தேன்.
தொட்டுக்கொண்ட மிளகாயும் கப்பலில்.
சாய்ந்திருந்த றப்பரும்,
மேட்டில் விழுந்து புளித்த கொல்லாம்பழமும்.
இவற்றை வெட்ட யாரும் கூலி எழுதவில்லை.
எழுதியிருந்தால்
வெட்டியிருப்போம்.

கெடுக்காது என்றும் சொல்லமாட்டேன்.
இதன் அடியில் ஒரு தும்பை இல்லை,
கீழாநெல்லி தேடிப் பார்த்தேன், இல்லை.
போன மாசியில் தண்ணீர் இதிலே சிக்கி நின்றுவிட
கடைமடையில் ஓமனாவுக்கு
ஏழு வாழை குலையோடு ஒடிந்தது.
அவள் மட்டும் எங்களோடு சிரிக்காமல்
வேரைத் தோண்டிக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள் கொடியைப் பிடித்தே மேலேறி
மதிலடிக்கு வந்துவிட்டோம்.
கேட்டில் பூட்டு, பூட்டில் துரு.
மகள் பெர்த்தில், மகன் ஏதோ பனி ஊரில்.
நாய்ச்சங்கிலி மட்டும் தூணில் கிடந்தது.
மதில்மேல் தொட்டி வெடித்திருந்தது.
உள்ளே ஒரு கைப்பிடி காய்ந்த மண்.

றெஜினாபாய் நின்றாள்,
தலையில் ஒரு சுமை மஞ்சள்,
கழுத்து வரைக்கும் தொங்கிக்கொண்டு.
ஒரு கையால் அதைப் பிடித்தபடி
மறு கையால் கேட்டைத் தட்டினாள்.

“டாக்டரம்மா,
ஒரு கம்பு ஒடிச்சுக்கிடட்டா?”