செவ்வாய்க்கிழமைப் பிளாட்டினம்

கிட்வே சுரங்கத்தில் பதினோரு வருடம்
பாறை லாரி ஓட்டினேன்.
அதன் சக்கரமே என்னைவிட இரண்டு மடங்கு உயரம்.
உலோகம் எனக்குப் புதிதில்லை.
தலைமுடியில் செம்பு, மக்காச்சோளக் களியில் செம்பு,
துணி அலசிய தண்ணீரில் செம்பு.
பிளாட்டினத்தைத்தான் பார்த்ததில்லை.

லுசாகாவில் செவ்வாய்தோறும்
கறுப்பு உறை மாட்டிய பையிலிருந்து
சொட்டுச் சொட்டாக அது இறங்கியது,
நிறமற்று, வெறும் தண்ணீராய்.
அதற்கு முன்னால் உப்புநீர், பின்னாலும் உப்புநீர்.
மூத்திரத்தைக் குவளையில் பிடித்து அளவு சொல்லவேண்டும்.
"எழுநூறு!" என்று கத்துவேன்,
எடைமேடையில் டன் கணக்குக் கத்துகிற குரலில்.
நர்ஸ் இனோங்கே சிரிக்காமல் எழுதிக்கொள்வார்.

அன்றே நாலு மணிக்குக் கதிர்.
இடுப்பில் பச்சை குத்திய மூன்று புள்ளி,
கடுகைவிடச் சின்னது, சாகும்வரை போகாது.
மூத்திரப்பை முட்ட நிரம்பியிருக்கவேண்டும்,
குடல் ஒதுங்கி வழிவிட.
லுவெண்டோ என்னை வெளிச்சக் கோட்டில் நேராக்குவான்,
அரை விரல் இடது, இம்மி கீழே.
பிறகு எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்துவார்கள்.
வெடிக்கு முன் நாங்களும் அப்படித்தான் போவோம்.

ஏன் இரண்டும் சேர்த்து? கேட்டேன்.
மருத்துவர் ஓர் ஏணி வரைந்தார்.
கதிர் படிகளை உடைக்குமாம்,
இரவோடு இரவாகக் கட்டி அதைப் பழுதுபார்க்குமாம்,
அந்தக் கையை மருந்து பிடித்துக்கொள்ளுமாம்.
தலையாட்டினேன்.
எனக்குப் புரிந்தது வேறு:
துளை போடுகிற ஆள், வெடி நிரப்புகிற ஆள்.
வெறும் துளைக்குப் பாறை அசையாது,
மேலே வைத்த வெடி புழுதியைத்தான் கிளப்பும்.

இதைப் பெருமையாக நலுக்குயியிடம் சொல்லித் தொலைத்தேன்.
பக்கத்துக் கட்டில். மோங்குவில் மீன் விற்கிறவள்.
வியாழனன்று ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது.
கட்டி குழாயை நெரித்திருக்கிறது,
இவள் சிறுநீரகம் பிளாட்டினத்தைத் தாங்காது,
கதிர் மட்டும்.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.
"அப்போ என் பாறை?" என்றாள்.

சொல்லுக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது.
சம்மட்டியால் உடைத்த பாறையும் உண்டு என்றேன்.
பெரிய வேலையைக் கதிர்தான் செய்கிறது,
மருந்து கைகொடுக்கிறது, அவ்வளவே என்றார் மருத்துவர்.
அவள் இருவரையும் நம்பவில்லை.

மூன்றாம் வாரம் மின்சாரம் போய்
இயந்திரம் இரண்டு நாள் படுத்துவிட்டது.
மொத்தம் ஐம்பத்தாறு நாளைத் தாண்டக்கூடாது என்று
லுவெண்டோ சனிக்கிழமையும் வந்தான்,
யாருடைய கல்யாணத்துக்கோ போட்ட சட்டையோடு.

வாயில் ஆணியைச் சப்பிய ருசி.
காதில் ஒரு லாரி பின்னால் வந்துகொண்டே இருக்கிறது,
பீப், பீப், ராத்திரியெல்லாம்.
போனில் கணவர் பேசுவது பாதிதான் கேட்கிறது,
அதில் எனக்கு நஷ்டமில்லை.
செவ்வாய் வாந்தி, புதன் வாந்தி,
வாளியைப் பிடித்தவள் நலுக்குயி.
கேட்காமலே பிடித்தாள், பேசாமலே கழுவினாள்.

ஐந்தாம் செவ்வாய் எழுந்திரிக்க முடியவில்லை.
குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து
"எழுநூற்றைம்பது!" என்று
வார்டு முழுக்கக் கேட்க அவள்தான் கத்தினாள்.

நாலு மணிக்கு இருவரும் நடக்கிறோம்,
முட்ட நிரம்பிய பையோடு, வாத்துபோல.
வழியில் யாரும் யாரையும் சிரிக்கவைக்கக் கூடாது,
அது ஒப்பந்தம்.
நேற்று அவள் மீறினாள்.