போன்: 347

பேட்டரியைக் கழற்றி மாட்டினால்
இந்தக் கேமராவுக்கு
மறுபடியும் 2004, ஜனவரி ஒன்று.
நானும் திருத்துவதில்லை.
சித்திரை வெயிலில் எடுத்த சுவர்களெல்லாம்
ஓரத்தில் ஆரஞ்சு எண்களோடு
ஒரே புத்தாண்டுக் காலையில் நிற்கின்றன.

ஊதியூர் தாண்டி, தாராபுரம் ரோட்டில்
மேற்குப் பார்த்த சுவர்.
சுண்ணாம்புக்கு அடியில் ஒரு நீலம்.
'பம்பு' மட்டும் தெரிந்தது.
அதற்கு முன்னால் ஒரு கொம்பு,
எந்த எழுத்தின் கொம்போ.
மண்டியிட்டேன்.
லென்ஸ் முனகிக்கொண்டே வெளியே வந்தது.
திரையில் வெயிலும் என் மூக்கும்தான்.

"ஏனுங், ஹைவேஸுங்களா?"

கையில் பாதி உரித்த தேங்காய்.
"இல்லீங்க, எழுத்தைப் படம் எடுக்கிறேன்."
"எழுத்தையா?"
அவர் சிரிக்கவில்லை.
சுவரின் மறுகோடியைக் காட்டினார்:
சிவப்பில் ஓர் அம்பு, 14/3,
பெயிண்ட் வாசம்கூடப் போகவில்லை.
அதைச் சட்டத்துக்கு வெளியே தள்ளத்தான்
நான் மண்டியிட்டிருந்தேன்.

"ரோட்டு மேல ஏறிக் கட்டிட்டமாமா.
இந்தச் செவுரே போன வருசத்துதாமா.
அதுல போன் நம்பரு இருக்குதுங், மூணே நம்பரு.
மூணு நம்பரு போனு எப்பங் இருந்துது?
நீங்களே சொல்லுங்."

நம்பர் தெரியவில்லை என்றேன்.
உள்ளே போய்க் குடத்தோடு வந்தார்.
லாரித் தண்ணீர், குடம் எட்டு ரூபாய்.
வீசினார்.

நனைந்ததும் நீலம் எழுந்து வந்தது:
சேமலை பம்புசெட்
இருநூறு அடியா? இனிக் கவலை ஏன்?
போன்: 347
மூலையில் பொடியாக, மின்மினி ஆர்ட்ஸ்.

ஒரு படத்தை விழுங்க
இந்தக் கேமராவுக்கு ஒன்பது நொடி.
சுவருக்கு அதைவிடத் தாகம்.
மூன்றாவது படத்தில் ஏழு இல்லை.

"தேதி விழுமுங்களா?"
விழும் என்றேன்.
திரைக்குமேல் கையைக் குடைபிடித்துப் பார்த்தார்.
01.01.2004.
நெடுநேரம் பார்த்தார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
காற்றாலை இறக்கையை ஏற்றிய லாரி
ரோட்டில் முடியாமல் போய்க்கொண்டிருந்தது.

"இப்பிடியே குடுத்தா..."

லாரியின் வாலில் கட்டிய சிவப்புத் துணியும்
கடந்து போயிற்று.

"வேண்டாமுங். தேதி பொய்யின்னு தெரிஞ்சா
அந்த மூணு நம்பரையும் நம்ப மாட்டாங்க.
மாத்துங்."

மெனுவுக்குள் மெனு.
வருடத்தை ஒவ்வொன்றாய் ஏற்றினேன்.
தேய்ந்த பொத்தான், ஓர் அழுத்துக்கு இரண்டு தாவும்,
தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன்.
பேட்டரி ஒரு கோடு.
அதற்குள் அவர்
இரண்டாம் குடத்துக்குப் போயிருந்தார்.

எழுந்து, ரோட்டின் விளிம்புவரை
பின்னால் நகர்ந்தேன்,
சிவப்பு அம்பும் உள்ளே வருகிற தூரத்துக்கு.