மூன்றாவது வயர்

பதிமூன்றாவது வளைவில்தான் முதலில் கேட்டது.
உள்ளே மாட்டிக்கொண்ட யாரோ
விரல் மடக்கித் தட்டுவதுபோல
டொக், டொக்.
கண்ணாடியை ஏற்றினேன். ரேடியோவைக் கூட்டினேன்.
ஏற்காடு ஆஸ்பத்திரி வாசலில் சாவியைத் திருப்பியதும்
நல்ல பிள்ளையாய் அதுவும் நின்றுகொண்டது.

கொண்டப்பநாயக்கன்பட்டியில்
தகரம் போட்ட ஷெட், கவுஸ் பாயுடையது.
"ஜென்னு, தொண்ணூத்தொம்பது மாடலா மேடம்?"
நோட்டில் வயசு எழுதுகிற குரல்.
நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின்மேல் வைத்து
கைப்பிடியைக் காதோர எலும்பில் அழுத்திக்
கண்ணை மூடினார்.
மேலே டைப் அடிக்கிற மாதிரி வால்வுகள்.
அதற்கு அவர் மசியவில்லை.
கீழே, ஆயில் சம்ப் பக்கம் போனபோது
ஒரு புருவம் மட்டும் அசைந்தது.

பிளக்குகளைக் கழற்றி கேஜ் மாட்டி
என்னை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொன்னார்.
நூற்றெழுபது. நூற்றறுபத்தைந்து.
மற்ற இரண்டும் அதையொட்டியே.
"மேல எதுவுமில்ல மேடம்."
நல்ல சேதிதானே என்றேன்.
வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தார்.
அந்தத் துடைப்பு எனக்குத் தெரியும்.
பதினாறு வருஷமாக ரத்தம் எடுக்கிறேன்.
ரிப்போர்ட்டை நாலாய் மடித்து
"டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க" என்று நீட்டிவிட்டு
நானும் இப்படித்தான் துடைத்துக்கொள்வேன்.

எல்லாம் மாட்டி மறுபடி ஓடவிட்டு
பிளக் வயர்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினார்.
ஒன்று: எஞ்சின் நொண்டியது, தட்டல் நிற்கவில்லை.
இரண்டும் அப்படியே.
மூன்றைப் பிடுங்க
நொண்டிக்கொண்டே ஓடியது,
தட்டல் இல்லை.
மாட்டினார், டொக்.
பிடுங்கினார்,
தூரத்தில் ஒரு லாரி மலை ஏறுவது கேட்டது.

சூட்டோடு ஆயிலை இறக்கினார்.
கறுப்பில் செம்புத்தூள்,
ஜரிகை உதிர்ந்ததுபோல.
காந்தத்தை முக்கி எடுத்தார்; ஒன்றும் ஒட்டவில்லை.
"ஒட்டுனா இரும்பு. ஒட்டலன்னா பேரிங்."
பழக்க தோஷம், ஒரு சொட்டை எடுத்து
விரல்களுக்கிடையில் இழுத்துப் பார்த்தேன்,
ஸ்லைடில் இழுப்பதுபோல.

"ஆயில் லைட் எரிஞ்சிருக்குமே?"

எரிந்தது. மார்கழியிலிருந்து,
இடது வளைவுகளில் மட்டும்,
குன்றிமணி அளவு சிவப்பு.
வண்டி நேரானதும் அணையும்.
அணைந்துவிட்டதே என்று இருந்துவிட்டேன்.

"இல்லையே" என்றேன்.

அவர் மறுக்கவில்லை.
எவ்வளவு ஆகும் என்றதற்கு
"பிரிச்சாத்தான் தெரியும்."

மறுநாள் பஸ்ஸில் போனேன்.
டிரைவருக்குப் பின் சீட், காது முழுக்க எஞ்சின்.
நாகலூர் சடையன் எனக்கு முன்பே வந்து
பெஞ்சில் இருந்தார்,
முந்தாநாள் கொடுத்த ரத்தத்துக்கு.
"எல்லாம் நல்லாருக்குதுங்களா?"
கிரியாட்டினின் ஆறு புள்ளி நாலு.
கால் வீங்குதா என்றேன்.
"இல்லீங்க" என்றார், கேட்டு முடிப்பதற்குள்,
வேட்டியைக் கணுக்கால்வரை இறக்கிக்கொண்டே.

எனக்குத் தெரிந்த வேகம் அது.
நேற்று என் வாயிலிருந்தே வந்தது.

மடித்த தாளை விரித்தேன்.
எண்ணைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு
இது எவ்வளவு இருக்கணும், எவ்வளவு இருக்கு என்று சொன்னேன்.
சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.
டாக்டர் மதியம்தான் வருவார்.
"இன்னிக்கே கீழ எறங்குங்க,
பெரியாஸ்பத்திரிக்கு. பதினொன்றரைக்கு பஸ் இருக்கு."
அவர் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு டிக்கெட் எவ்வளவு என்று கேட்டார்.

நாலு மணிக்கு கவுஸ் பாய் கூப்பிட்டார்.
"கிராங்க்ல கோடு விழுந்திருக்கு மேடம்.
லேத்துல குடுத்து கால் மில்லி எடுக்கணும்."
எடுத்தால் குறைந்துவிடுமே என்றேன்.
"குறையும். அதுக்குத் தக்க
தடிச்ச பேரிங் வரும்.
செவ்வாய்ப்பேட்டையில கேட்டுப் பாக்கறேன்,
இல்லாட்டி ஈரோடு."

லைட் எரிந்தது பாய், என்றேன்.

"தெரியும் மேடம்" என்றார்.
பின்னால் யாரோ சம்மட்டியால் எதையோ அடித்துக்கொண்டிருந்தார்கள்.